நாற்பத்தோராம் செடி

“…போர்த்தவே இல்லண்ணே. நீங்க போன்ல சொன்னீங்க, நான் ‘சரிங்கண்ணே’ன்னேன். அதோட சரி. கோணிய எடுத்துக்கிட்டுச் செடிகிட்ட போனேன். அப்படியே மடிச்சு எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன்.”

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக்கடை வாசலில், டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி வளர்மதி இதைச் சொன்னாள். போன மாதம்தான். என் டம்ளரில் பாதிக் காபி இருந்தது. அதற்குமேல் ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. ஒன்பது வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்று, நடந்தது வேறு என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

நம் ரோஜா ஆராய்ச்சித் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று, தோட்டத்தை நடத்துகிற டாக்டரம்மா கேட்டபோது, விதை முளைக்க வைத்தது, ஒட்டுக் கட்டியது என்று எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். அதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். இந்தத் தோட்டத்தில் தொட்டிக்கு மண் நிரப்ப வந்து, கூட இருந்தவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து ரோஜாவுக்கு ரோஜா கல்யாணம் பண்ணி வைக்கக் கற்றுக்கொண்டவன். உங்களுக்குப் பாடம் சொல்லும் அளவுக்கு என்னிடம் சரக்கு இல்லை. நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது.

வந்த முதல் நாளே உங்களுக்கு ஒரு சிரிப்பு வந்திருக்கும். திருவெள்ளறைப் பக்கம் சுட்டெரிக்கிற வெயிலில் உட்கார்ந்துகொண்டு, உறைபனி தாங்குகிற ரோஜாவை உருவாக்குகிறோம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்கள் தெரு டீ மாஸ்டர் ஒருமுறை கேட்டார்: “ஏண்ணே, மப்ளர் தைக்கிறவன் மெட்ராஸ்ல இருக்கிற மாதிரியா?” அப்படித்தான். இங்கே வருடம் முழுக்க வெயில், அதனால் செடி சீக்கிரம் வளரும். கலப்பும் நாற்றும் இங்கே. சோதனை மட்டும் இமயமலைப் பக்கம், இமாசலத்தில், நமக்கென்று இருக்கிற ஒரு துண்டு நிலத்தில். முப்பத்திரண்டு வருடம் குளிருக்கான ரோஜாவோடு வாழ்ந்தேன். குளிரை மட்டும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் மார்கழி விடியலில் கொள்ளிடம் பாலத்தில் சைக்கிள் மிதிக்கும்போது காதை அடைக்கிற குளிர்தான். நான் வளர்த்துப் பெட்டியில் கட்டி ரயிலேற்றிய செடி எதுவும் திரும்பி வந்ததில்லை. எங்கோ பனிக்கு நடுவில் அவை பூத்தன. அந்த இடம் எப்படி இருக்கும், அங்கே விடியும்போது என்ன நிறம் என்று திருச்சி கே.கே. நகர் வீட்டு மொட்டை மாடியில் நின்று நான் யோசித்த பொழுதுகளுக்குக் கணக்கில்லை.

இனி வளர்மதி. திருவெள்ளறை விவசாயக் குடும்பத்துப் பெண். காட்டூரில் வாழ்க்கைப்பட்டாள். புருஷன் வெல்டர். வெல்டர் என்றால் உங்களுக்குத் தெரியுமே, நம் ஊர் ஆட்களை இந்தியா முழுக்க எந்த மின்நிலைய வேலையிலும் பார்க்கலாம். அப்படி இமாசலத்தில் ஒரு அணைக்கட்டு வேலைக்கு அவன் போக, இவளும் கூடப் போனாள். சும்மா உட்கார முடியாமல் நம் சோதனை நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். அந்த ஊர் மொழி தெரியாது, பனி தெரியாது. முதல் குளிர்காலத்தில் எனக்குப் போன் போட்டு, “பல்லு ஆடுது, பேச்சு வரலண்ணே, நீங்களே பேசுங்க, நான் கேக்குறேன்” என்றாள். மறு வருடம் அவளே, “நாலு தவிர எல்லாம் செத்துப் போச்சுண்ணே! சந்தோஷமா இருங்க!” என்று உற்சாகமாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்து கேட்ட என் மனைவி, “யாருங்க அவ, எழவு சொல்றதுக்கு இப்படிச் சிரிக்கிறா?” என்றாள். நம் தொழிலில் செடி செத்தால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம். செத்தது போக மிஞ்சுவதுதான் ரோஜா. மக்கள் இப்படிப் பேசுவதையெல்லாம் நான் ஒரு டைரியில் எழுதி வைப்பேன். வளர்மதிக்கு மட்டுமே பதினாறு பக்கம் இருக்கிறது.

அதனால்தான் நம் முதல் விதி: சோதனை நிலத்தில் எதையும் மூடக்கூடாது. வைக்கோல்கூடப் போடக்கூடாது. பனி கொட்டிவிட்டால் செடிக்குக் கவலையில்லை, பனியே கம்பளி. பனி விழுவதற்கு முன் வெறும் குளிர் அடிக்கிற சில நாள்கள் இருக்கிறதே, அதுதான் கொல்லும். டாக்டரம்மா எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “செடியைக் காப்பாத்தறதுக்கு நாம இல்லை. தன்னைத்தானே காப்பாத்திக்கறதான்னு பார்க்கத்தான் நாம இருக்கோம்.” அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் பார்த்து, “ஏட்டுல இருக்கறது எனக்குத் தெரியும், கையில இருக்கறது உங்களுக்குத் தெரியும், சண்டை போடாம இருப்போம்” என்றார். அதுவும் டைரியில் இருக்கிறது.

இப்போது நாற்பத்தோராம் செடி.

கே.கே. நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் ஒரு பன்னீர் ரோஜாப் புதர் இருந்தது. ஊரெல்லாம் இருக்கிற பன்னீர் ரோஜாதான். வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி கதவைத் திறந்ததும் வாசனை சமையலறை வரைக்கும் வந்து நிற்கும். நாம் மலைக்கு அனுப்பும் ரோஜாக்களுக்கு அழகு உண்டு, உறுதி உண்டு, வாசனை கிடையாது. இந்த வாசனையைக் குளிரில் பூக்கவைத்துவிட வேண்டுமென்று எனக்கு ஒரு வெறி. பன்னீர் ரோஜா சாமானியத்தில் காய் பிடிக்காது. ஆறு வருடம், தோட்டத்தில் இருந்து பனிதாங்கி ரோஜாவின் மகரந்தத்தைத் தீப்பெட்டியில் எடுத்துவந்து, காலையில் குளிக்கும் முன் பிரஷ்ஷால் தொட்டு வைப்பேன். ஏழாவது வருடம் ஒரே ஒரு காய் நின்றது. அதற்குள் ஏழு விதை.

ரோஜா விதைக்கு ஒரு பொய்க் குளிர்காலத்தைக் காட்டினால்தான் அது முளைக்கும். ஈரமணலில் புதைத்து, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் வைத்தேன். “தயிருக்கு இடமில்ல, மண்ணுக்கு இடமிருக்கு இந்த வீட்டுல” என்று மனைவி தினமும் சொல்வாள். ஆனால் கரண்ட் போனால் அவள்தான் முதலில் பதறுவாள். ஏழில் ஒன்று முளைத்தது. அது முளைத்து மூன்று இலை விட்ட வாரம், வீட்டுக்காரர் கார் நிறுத்தப் பின்பக்கம் முழுக்க சிமென்ட் போட்டார். நான் தோட்டத்தில் இருந்தேன். வந்து பார்த்தபோது புதர் இருந்த இடத்தில் ஈரச் சிமென்ட்மேல் மேஸ்திரி சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் அந்த நாற்றைத் தொட்டியில் வளர்த்தேன். மலை ரோஜாவின் குணம், சின்ன வயதில் பூக்காது. எனவே பூ எப்படி என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் வருடம் மற்ற நாற்றுகளோடு அதையும் மலைக்கு அனுப்பினோம். எண் நாற்பத்தொன்று.

அந்த டிசம்பரில் ஒரு சாயங்காலம் வளர்மதி போன் செய்தாள். நான் நாற்றங்காலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

“நாளைக்குக் கடுமையா பிடிக்கும்னு சொல்றாங்கண்ணே. பனி விழல. வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு.”

“சரிம்மா.”

“எல்லாத்துக்கும் நம்பர் சீட்டு கட்டிட்டேன். வேற ஒண்ணும் இல்லல்ல?”

நான் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் யாருமே இல்லை. ஆனாலும் தாழ்ந்தது. “நாப்பத்தொண்ணு மேல மட்டும் ஒரு கோணிய போட்டு விடும்மா.”

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

“சரிங்கண்ணே” என்றாள்.

ஏப்ரலில் அவள் அனுப்பிய பட்டியலில் பிழைத்தவை ஐந்து. அதில் நாற்பத்தொன்று இருந்தது. நான் எப்படிச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்! கோணிக்குள் பிழைத்த செடி என்று நினைத்த எனக்கு அந்தக் காகிதத்தைத் தொடவே கூசியது. ஐந்து செடியும் ஒட்டுக் கட்டிப் பெருக்குவதற்குப் போகும். பெருக்கியது விவசாயிக்குப் போகும். குளிர்தாங்கி என்று நம் பெயரைச் சொல்லி விற்பார்கள். அங்கே எவனோ ஒருவன் இருக்கிற நிலத்தில் பாதிக்கு அதை நடுவான். முதல் குளிரில் மொத்தமும் கருகும்.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நீங்களா இதைப் பண்ணினேள்?”

“நான்தான்மா.”

“சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. சொன்னேளே, அது போதும்.” காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பட்டியல்ல இருந்து எடுத்துடலாம். செடி அங்கேயே இருக்கட்டும். அடுத்த குளிர்காலத்துக்கு மூடாம வெச்சுப் பார்ப்போம்.”

“வேண்டாம்மா. அத எடுத்துரச் சொல்லிடறேன். கறை பட்ட செடி.”

“கறை செடி மேலயா, உங்க மேலயா?”

இந்த ஒரு கேள்விக்கு நான் நின்று பதில் சொல்லியிருந்தால், இன்று உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எனக்கு அன்று நல்லவனாகிவிட வேண்டும், அதுவும் அன்றைக்கே ஆகிவிட வேண்டும். அந்தச் செடி அங்கே உயிரோடு நின்றால் என் தப்பும் நிற்கிற மாதிரி இருந்தது.

“வளர்மதியண்டை ஒரு வார்த்தை கேட்டேளோ? எத்தனை நாள் மூடினா, எப்போ எடுத்தான்னு?”

“கேட்டாச்சும்மா” என்றேன்.

கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? விதியைச் சொல்லிக்கொடுத்தவனே நான். அந்தப் பெண்ணைக் குறுக்கு வழியில் போகச் சொன்னதும் நான். மறுபடி அதே போனில், “அன்னைக்குப் போட்டியேம்மா, அது…” என்று ஆரம்பிக்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு தப்பை ஒப்புக்கொண்டு கண் கலங்கி நிற்கும்போதே, அந்த ஈரம் காய்வதற்குள் இன்னொரு பொய். டாக்டரம்மா இதையும் படிப்பார். படிக்கட்டும். நேரில் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

போனைத் தொடாமல், அன்று மத்தியானமே கடிதம் டைப் அடித்தேன். ‘எண் 41. வேரோடு அகற்றி எரித்துவிடவும்.’ என் வார்த்தையை நம்பி டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். தபாலில் போட்டுவிட்டு வந்த அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் போகிறது.

தப்புச் செய்வீர்கள். செடியோடு வாழ்கிறவன் ஏதாவது ஒரு செடிமேல் ஆசை வைக்காமல் இருக்க முடியாது. ஆனால் தப்புச் செய்தபின் வருகிற அவசரம் இருக்கிறதே, அதனிடம் உஷாராக இருங்கள். என்னைத் தண்டித்துக்கொள்கிறேன் என்று நினைத்து நான் செடியைத் தண்டித்தேன். வெட்கப்பட்டு ஒரு போன் செய்யாமல் விட்டேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம். இதைக் கற்க ஒன்பது வருடமும் அரை டம்ளர் காபியும் ஆயிற்று.

வளர்மதியின் புருஷனுக்கு வேலை முடிந்து இப்போது குடும்பத்தோடு காட்டூருக்கே வந்துவிட்டார்கள். ரங்கநாதரைச் சேவிக்க வருவதாகவும் என்னைப் பார்க்க வேண்டுமென்றும் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறேன். தரிசனம் முடித்து வந்தவளிடம், ஒன்பது வருடமாகச் சுமந்த மன்னிப்பை இறக்கி வைக்கலாமென்று ஆரம்பித்தேன். “அன்னைக்கு உன்ன அந்தக் கோணிய போர்த்தச் சொன்னது என் தப்பும்மா” என்றேன். அதற்குத்தான் அவள், நீங்கள் மேலே படித்த பதிலைச் சொன்னாள்.

“ஏம்மா போர்த்தல?”

“வரிசையா நாப்பது நிக்குதுண்ணே. ஒண்ணுக்கு மட்டும் எப்படிப் போர்த்துறது? மத்ததெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு.” டம்ளரைக் கீழே வைத்தாள். “அதுவுமில்லாம, அது நம்ம ஊருப் புள்ளைன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. நானும் நம்ம ஊருதான். எனக்கு யாரு கோணி போட்டா? இருந்துட்டேன்ல? அதுவும் இருக்கும்னு ஒரு நெனப்பு.”

“இருந்துச்சே!”

“இருந்துச்சுண்ணே. நல்லா இருந்துச்சு.”

“அப்ப ஏம்மா பிடுங்குன? ஒரு போன் போட்டிருக்கக் கூடாது?”

“கோணி போடச் சொன்னது போன்ல. பிடுங்கச் சொன்னது பேப்பர்ல, கையெழுத்தோட. பெரியவங்க எல்லாரும் கூடி அதுல ஏதோ கொறைய பாத்துட்டாங்கன்னு நெனச்சேன். போன் போட்டா, ‘போர்த்துனியா’ன்னு கேப்பீங்க. போர்த்தலன்னு எந்த வாயால சொல்லுவேன்? சரிங்கண்ணேன்னு சொன்ன வாயாலயா?”

திருச்சியில் நான் வெட்கப்பட்டேன், இமாசலத்தில் அவள் வெட்கப்பட்டாள். இரண்டு வெட்கத்துக்கும் நடுவில் ஒரு செடி எரிந்துபோயிற்று. அது உண்மையாகவே குளிர் தாங்கிய செடி. பன்னீர் ரோஜா பெற்ற ஒரே பிள்ளை.

“நாலு நாள் தாமசமாத்தான் பிடுங்குனேன்” என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு. “மொட்டு இருந்துச்சு. விரியட்டும்னு விட்டேன்.”

“பூத்துச்சா?”

“ஒண்ணே ஒண்ணு. வெளிச்சுத்து வெளுப்பு. உள்ள போகப் போக நம்ம பன்னீர் ரோஸு. போட்டோகூட எடுத்தேன். அந்தப் போன் தொலைஞ்சு போச்சு.”

“வாசனை?”

“சொல்லத் தெரியலயேண்ணே” என்றாள். “நம்ம வாசனைதான். ஆனா அப்படியே நம்மளுது இல்ல.”

உலகத்தில் அந்தப் பூவை முகர்ந்த ஒரே ஆள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வளர்மதி சட்டென்று எழுந்தாள். எங்கே என்று கேட்பதற்குள் தெருவைத் தாண்டிப் பூக்கடை வரிசைக்குப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். கூடையில் குவிந்திருந்த பன்னீர் ரோஜாவில் ஒன்றை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள்.

“யம்மா, யம்மா! மோந்து பாக்காதீங்க!” பூக்காரம்மா கூடையை இழுத்துக்கொண்டார். “பெருமாளுக்குப் போற பூ. எங்க இருந்து வரீங்க, இதுகூடத் தெரியாம?”

“தெரியும்க்கா. இந்தக் கூடை மொத்தம் நான் எடுத்துக்கிறேன். இனிமே இது சாமிக்கு இல்ல.”

“பின்ன யாருக்கு?”

“எங்க அண்ணனுக்கு.”

பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பெருமாளுக்கு மேல ஒரு ஆளா இவரு!” என்று பணத்தை வாங்கிக்கொண்டார்.

கடைக்குப் பக்கத்துப் படியில் கூடையோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பூவாக எடுத்து முகர்ந்தாள், தலையை ஆட்டினாள், மடியில் போட்டாள். வருகிறவர் போகிறவர் நின்று பார்த்தார்கள். மடி நிறைந்த பிறகு, பாதி மலர்ந்த ஒரு பூவில் நின்றாள். மறுபடி முகர்ந்தாள். எழுந்துபோய் மரிக்கொழுந்தில் ஒரு கிள்ளு வாங்கிவந்து பூவோடு சேர்த்தாள். முகர்ந்துவிட்டு, கிள்ளியதில் பாதியைத் தூக்கிப் போட்டாள்.

“இன்னும் ஒண்ணு குறையுது” என்று சொல்லிவிட்டு எதிர்க் கடையில் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினாள். ஆவி படிந்து வேர்த்திருந்த பாட்டிலின் மேல் பூவையும் கொழுந்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெயிலில் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு நின்றாள். விரல் வழியே தண்ணீர் சொட்டியது.

பிறகு என்னிடம் வந்தாள். “கண்ண மூடுங்கண்ணே” என்று, சில்லிட்டிருந்த கையைக் குவித்து என் முகத்தருகே கொண்டுவந்து, நான் போதும் என்று சொல்லும்வரை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.